ஜிம் கணக்கு: வாட்ச் எழுதுவது பாதி, கை எழுத வேண்டியது மீதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஒரு மணி நேரம் ஜிம்மில் உழைத்தால் 500 கலோரி கரையும்' என்ற வரி நலவாழ்வுப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச்சும் அதே 500-ஐக் காட்டினால், படித்தவர் அதை நம்பி அன்றிரவு இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடுவதில் வியப்பில்லை. மூன்று மாதம் கழித்து எடை இறங்கவில்லையே என்று ஜிம்மையே விட்டுவிடுகிறார். அவர் உழைப்பில் குறையில்லை, கணக்கு எழுதிய முறையில்தான் குறை. எடைப் பயிற்சியை எப்படிப் பதிவு செய்வது, அதில் வாட்ச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பயிற்சியாளர்கள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்த வாட்ச்சும் கலோரியை அளப்பதில்லை. அது உணர்வது முக்கியமாக இரண்டு: கையின் அசைவு, நாடித் துடிப்பு. பின்பக்கம் மினுங்கும் பச்சை விளக்கின் ஒளியை ரத்தம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறைவதை வைத்து நாடியை எண்ணுகிறது. அந்த எண்ணோடு நீங்கள் பதித்த வயது, எடை, உயரம், பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து, ஒரு சூத்திரத்தில் போட்டுக் கலோரியை ஊகிக்கிறது. நடை, ஓட்டம், சைக்கிள் என்றால் நாடி ஏற ஏற உடல் செலவிடும் ஆக்சிஜனும் ஏறும், அதனால் ஊகம் ஓரளவு கிட்டே வரும். எடை தூக்கும்போது இந்த உறவு அறுந்துவிடுகிறது. எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டின் ஏழாவது ரெப்பில் (ரெப் என்றால் அசைவை ஒரு முறை செய்து முடிப்பது) மூச்சை அடக்கிப் பல்லைக் கடித்து எழும்போது நாடி எகிறுகிறது. இறுகிய தசை ரத்தக் குழாயை நெருக்குவது அதற்கு ஒரு காரணம், ரத்த அழுத்தமும் கூடவே ஏறுகிறது. ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்குக் கூடுவதில்லை, ஆனால் வாட்ச் அதை ஓட்டமாக எடுத்துக்கொள்கிறது. இதற்கு நேரெதிராகவும் நடக்கும். தரையிலிருந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட்டில் ராடை (பிளேட் எனும் எடைத் தட்டுகளை மாட்டும் கம்பியை) இறுகப் பிடித்தால் மணிக்கட்டுத் தசைநார்கள் விறைத்து, விளக்குக்கு அடியில் ரத்த ஓட்டம் குறையும். நாடி 140-ல் இருக்க, திரையில் 95 தெரியும். 30 வினாடியில் முடிகிற செட்டின் (ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்யும் ரெப்ஸின்) உச்ச நாடி திரைக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 60 பேருக்கு ஏழு மணிக்கட்டுக் கருவிகளைக் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடியை 5 சதவீதப் பிழைக்குள் காட்டின. கலோரியில் ஒன்றுகூட 20 சதவீதப் பிழைக்குள் வரவில்லை. அதிலேயே சிறந்தது சராசரியாக 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அந்தச் சோதனையே நடை, ஓட்டம், சைக்கிளில் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும். எடைப் பயிற்சி அதில் இல்லை. கருவிகள் அதற்குப் பிறகு மேம்பட்டிருக்கின்றன, ஆனால் நாடியிலிருந்து கலோரியை ஊகிக்கும் அடிப்படை மாறவில்லை.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தொடங்கிய நேரம், முடித்த நேரம், சராசரி நாடி, செட்டுகளுக்கு இடையில் நாடி எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதெல்லாம் வாட்ச்சின் பொறுப்பு. எடை, ரெப்ஸ், ஓய்வு, எந்த மெஷின், கடைசி செட் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை எழுதுவது உங்கள் கையின் பொறுப்பு. சில வாட்ச்கள் ரெப்ஸைத் தானாக எண்ணுவதாகச் சொல்கின்றன. கையை ஒரே தாளத்தில் ஆட்டும் பைசெப்ஸ் கர்லில் ஓரளவு சரியாக எண்ணும். காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் மெஷினில் கை பிடியைப் பிடித்தபடி அசையாமல் இருக்கிறது, அங்கே எதை வைத்து எண்ணும்? நடுவில் வியர்வையைத் துடைத்தால் அதையும் ஒரு ரெப்பாகச் சேர்த்துவிடும்.

நோட்டில் ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: 'பெஞ்ச் பிரஸ், 20 கிலோ ராடு, பக்கத்துக்கு 20, மொத்தம் 60. ரெப்ஸ் 8, 8, 7. ஓய்வு 2 நிமிடம். கடைசியில் இன்னும் ஒன்று போட்டிருக்கலாம்.' அந்தக் கடைசி வாக்கியத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 60 கிலோவில் 7 ரெப்ஸ் என்று மட்டும் இருந்தால், தெம்பு மிச்சம் வைத்து நிறுத்தியதா, எட்டாவது ஏறாமல் நின்றதா என்று அடுத்த வாரம் தெரியாது. அது தெரியாமல் எடையைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது. வார்ம்-அப் செட்டுகளைத் தனியாகக் குறியுங்கள், கூட்டலில் சேர்க்க வேண்டாம். ஜெல் பேனா வியர்வையில் அழிந்துவிடும், பென்சில் நிற்கும்.

பிழை அதிகம் நுழையும் இடம் ராடுதான், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பளுதூக்கும் போட்டி அளவு ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. நம் ஊர் ஜிம்களில் பாதி ராடுகள் இந்த இரண்டிலும் சேராது. நீளம் குறைந்தவை, உள்ளே குழாயாக இருப்பவை, வளைந்த கர்ல் ராடு என்று ஒவ்வொன்றும் ஒரு எடை. 12 கிலோ ராடை 20 என்று எண்ணி எழுதினால் 52 கிலோ உங்கள் நோட்டில் 60 ஆகிவிடும். அடுத்த வாரம் பக்கத்து மேடையில் உண்மையான 20 கிலோ ராடு கிடைத்து, அதே பிளேட்டைப் போட்டு ஐந்தாவது ரெப்பிலேயே மாட்டிக்கொண்டால், பலம் குறைந்துவிட்டது என்று மனம் உடைவீர்கள். எடை பார்ப்பது எளிது. வீட்டு எடை மெஷினை எடுத்து வந்து, முதலில் தனியாகவும் பிறகு ராடை மார்போடு அணைத்துப் பிடித்தும் ஏறி நில்லுங்கள். தனியாக 72, ராடோடு 84 என்றால் ராடு 12 கிலோ. ஒரு முறை செய்தால் போதும், ராடின் முனையில் பெயின்ட்டில் எழுதிவிடலாம்.

பிளேட்டுகளிலும் இதே குழப்பம் உண்டு. பழைய பிளேட்டுகளில் பவுண்டும் புதியவற்றில் கிலோவும் அச்சிட்டிருக்கும், இரண்டும் ஒரே ஸ்டாண்டில் தொங்கும். ஒரு பவுண்டு 0.4536 கிலோ. 45 என்று எழுதியது 20.4 கிலோ, 25 என்று எழுதியது 11.3 கிலோ. அந்த 25-ஐக் கிலோ என்று நினைத்துப் பக்கத்துக்கு ஒன்று மாட்டினால் மொத்தத்தில் 27 கிலோ கணக்கு தவறும். டம்பெல்லுக்கு 'கைக்கு 15' என்று எழுதுங்கள். வெறுமனே 15 என்றோ 30 என்றோ எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே விளங்காது.

மெஷின்களின் எண்ணை எடையாக எடுத்துக்கொள்ளாமல் அடையாளமாக மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. பல கேபிள் மெஷின்களில் கப்பி அமைப்பால், அடுக்கில் 40 கிலோவுக்கு ஊசி போட்டால் கைக்கு வருவது 20 கிலோதான். 45 டிகிரி சாய்ந்த லெக் பிரஸ்ஸில் 100 கிலோ ஏற்றினால் கால் தள்ளுவது ஏறத்தாழ 71 கிலோ, பிளேட்டுகளைத் தாங்கி நகரும் வண்டியின் எடை அதில் சேராது. செங்குத்துக் கம்பிகளில் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷினின் ராடு எதிர் எடையால் இலேசாகியிருக்கலாம். எனவே எந்த மெஷின், எத்தனையாவது துளை, சீட் எந்த உயரம் என்று எழுதி, அதே மெஷினின் போன வார எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

முன்னேற்றத்தைப் பார்க்க எப்லி சூத்திரம் கைகொடுக்கும். ரெப்ஸை 30-ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, தூக்கிய எடையால் பெருக்கினால், ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய உச்ச எடை ஏறத்தாழ வரும். 60 கிலோ 8 ரெப்ஸுக்கு 76. அடுத்த வாரம் 62.5 கிலோ 7 ரெப்ஸ் என்றால் 77. ஒரு ரெப் குறைந்ததே என்று வருந்தத் தேவையில்லை, ஏறியிருக்கிறீர்கள். 10 ரெப்ஸுக்கு மேல் போனால் இந்தக் கணக்கு பிசகும்.

இனி வாட்ச் கட்டும் விதம். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டுவதுதான் வழக்கம். அங்கிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் தள்ளி, நழுவாத அளவுக்கு இறுக்கமாகக் கட்டுங்கள். புஷ்-அப்பில் கை மடங்கும்போது பக்கவாட்டுப் பொத்தான் அமுங்கிப் பதிவு பாதியில் நின்றுவிடுவதும் இதனால் குறையும். கோயில் கயிறு கட்டியிருப்பவர்கள் அதன் மேலேயே பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். கயிற்றின் தடிமனால் வாட்ச் தூக்கிக்கொண்டு நிற்கும், இடைவெளியில் வெளி வெளிச்சம் புகும், நாடி தாறுமாறாகத் தெரியும். காப்பும் வளையலும் இடித்தாலும் இப்படித்தான். கயிற்றைக் கழற்றத் தேவையில்லை, மணிக்கட்டுப் பக்கம் ஒதுக்கிவிட்டு மேலே தள்ளிக் கட்டினால் போதும், அல்லது மறு கையில் கட்டி, ஆப்பில் எந்தக் கை என்பதை மாற்றிவிடுங்கள். பச்சை குத்திய இடத்தில் ஒளி சரியாகத் திரும்பாது. சென்னைப் புழுக்கத்தில் பின்பக்கக் கண்ணாடியில் வியர்வை உப்பு படிந்துவிடும், தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

நாடி சரியா என்று சந்தேகம் வந்தால் கழுத்திலோ மணிக்கட்டிலோ இரண்டு விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். டிரெட்மில்லில் ஓடும்போது இன்னொரு கோளாறு வரும். வாட்ச் நாடிக்குப் பதிலாகக் காலடித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 168 அடி வைக்கிறீர்கள், நாடியும் அசையாமல் 168 என்கிறது, ஆனால் இயல்பாகப் பேச முடிகிறது என்றால் அது நாடி இல்லை. வாட்ச்சைக் கழற்றி வேறு இடத்தில் இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் சரியாகும். நாடி துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்கு மார்புப் பட்டைதான் வழி. அது ஈ.சி.ஜி. போல இதயத்தின் மின் துடிப்பையே பிடிக்கிறது. பட்டையின் உட்புறத்தில் தோலைத் தொடும் மின்வாய்களை நனைத்து, மார்புத் தசைக்குச் சற்றுக் கீழே கட்ட வேண்டும். உலர்ந்த பட்டை முதல் ஐந்து நிமிடம் உளறும்.

டிரெட்மில்லில் வேகத்தோடு சாய்வையும் கட்டாயம் எழுதுங்கள். சாய்வு வாட்ச்சுக்குத் தெரியவே தெரியாது, ஏனெனில் நீங்கள் உண்மையில் மேலே ஏறுவதில்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் நடைச் சூத்திரப்படி, 70 கிலோ எடையுள்ளவர் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் 30 நிமிடம் நடந்தால் சுமார் 124 கலோரி. சாய்வை 5 சதவீதம் ஆக்கினால் சுமார் 203. வித்தியாசம் பாதிக்கும் மேல். ஆனால் முன்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் இந்தக் கணக்கு செல்லாது, கை ஆடாததால் வாட்ச்சின் காலடி எண்ணிக்கையும் விழுந்துவிடும்.

பழைய டிரெட்மில் காட்டும் வேகத்தையே சோதிக்கலாம். மெஷினை அணைத்துவிட்டு, பெல்ட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெல்ட்டைக் கையால் நகர்த்தி முழுச் சுற்றின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். 3.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மேலே நடக்க, வேகம் 5 என்று இருக்கும்போது இன்னொருவர் கோடு 20 சுற்று வரும் நேரத்தை எடுக்க வேண்டும். 64 மீட்டருக்கு 46 வினாடி வர வேண்டும். 51 வினாடி ஆனால் உண்மையான வேகம் 4.5. ஆள் நிற்காமல் வெறுமனே சுழலவிட்டுப் பார்ப்பதில் பயனில்லை, பாரம் ஏறினால்தான் தேய்ந்த பெல்ட் இழுபடுவது தெரியும். இன்னொன்று: கரண்ட் போனால் திரை பூஜ்யத்துக்குப் போய்விடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தூரத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

பெரிய கேடு செய்வது இரட்டைப் பதிவு. காலை 7 முதல் 8 வரை ஜிம் என்று வைத்துக்கொள்வோம். வாட்ச் அதைப் பதிவு செய்கிறது. இரவு 9 மணிக்கு உணவுக் கணக்கு ஆப்பைத் திறந்து 'எடைப் பயிற்சி, 60 நிமிடம்' என்று கையாலும் போடுகிறீர்கள். தொடக்க நேரத்தை மாற்றாவிட்டால் பல ஆப்கள் அந்த நொடியையே எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேர உழைப்பு இரண்டு மணி நேரமாகிறது. உணவு ஆப்போடு வாட்ச்சை இணைத்திருந்தால் கையால் போடாதீர்கள், கையால் போடுவதென்றால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வாட்ச் சார்ஜில் இருந்து கையால் போட நேர்ந்தால் உண்மையான தொடக்க நேரத்தைப் போடுங்கள். ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்ட், ஐபோனின் ஹெல்த் ஆப் இரண்டிலும் எந்த மூலத்துக்கு முதலிடம் என்று வரிசைப்படுத்தலாம், வாட்ச்சின் ஆப்பை மேலே வையுங்கள். பயிற்சி முடிந்ததும் பதிவை நிறுத்த மறந்து வண்டியை எடுத்தால், குண்டும் குழியுமான சாலையின் குலுக்கல்கூடக் காலடியாகச் சேரலாம். அந்த வாலை அன்றே வெட்டிவிடுங்கள்.

கலோரி என்று எழுதியிருந்தால் எந்தக் கலோரி என்று பாருங்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடல் மணிக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவழிக்கும். சில ஆப்கள் அதையும் சேர்த்து மொத்தம் காட்டும், சில பயிற்சியால் கூடியதை மட்டும் காட்டும். ஆய்வாளர்கள் பயன்படுத்தும் உடலுழைப்பு அட்டவணையின் 2011 பதிப்பில், 8 முதல் 15 ரெப்ஸ் வரையிலான பலவகை எடைப் பயிற்சிக்கு 3.5 மெட், அதாவது சும்மா இருக்கும்போது ஆகும் செலவைப் போல 3.5 மடங்கு; கடும் பயிற்சிக்கு 6 மெட். 70 கிலோ ஆளுக்கு 3.5 மெட் என்றால் மணிக்கு 245 கலோரி. சும்மா இருந்தாலும் ஆகியிருக்கும் 70-ஐக் கழித்தால் 175, நடுத்தர அளவு இட்லி மூன்றுக்குச் சமம். தொடக்கத்தில் சொன்ன 500 எங்கே, இது எங்கே! அதற்காக எடைப் பயிற்சி வீண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தசையும் எலும்பும் வலுப்பெறத்தான் அதைச் செய்கிறோம், அதை அளப்பது நோட்டில் உள்ள கிலோவும் ரெப்ஸும்தான்.

ஆப்பில் பதித்த உடல் எடையை மாதம் ஒரு முறை மாற்றுங்கள். 82-லிருந்து 74-க்கு இறங்கியவர் பழைய எண்ணையே வைத்திருந்தால் கலோரி 11 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகக் காட்டும்.

மருந்து சாப்பிடுபவர்களுக்கு இது உடல்நலப் பிரச்சினையே ஆகிறது. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களின் நாடி, உழைப்புக்கு ஏற்ப ஏறாது. வாட்ச் அவர்களை 'இலேசான பயிற்சி' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதை நம்பி முடுக்கிக்கொண்டு போவது ஆபத்து. பேச முடிகிறதா, வாக்கியம் துண்டுபடுகிறதா என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் உழைப்பை அளக்க வேண்டும், வரம்பை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கும் 220-லிருந்து வயதைக் கழிக்கும் வழக்கம் தோராயம்தான். வயதை 0.7-ஆல் பெருக்கி 208-லிருந்து கழிக்கும் 2001-ஆம் ஆண்டுச் சூத்திரம் 60 வயதுக்கு 160-க்குப் பதில் 166 தருகிறது. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுக்கும் சர்க்கரை நோயாளிகள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்த சர்க்கரை அளவையும் அதே வரியில் எழுதி மருத்துவரிடம் காட்டினால், மருந்தளவை முடிவு செய்ய அவருக்கு உதவும்.

ஜிம் நடத்துபவர்களிடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு ராடின் முனையிலும் அதன் எடையை எழுதுங்கள். பவுண்டு பிளேட்டுக்கு ஒரு நிறம், கிலோ பிளேட்டுக்கு ஒரு நிறம் அடியுங்கள். கேபிள் மெஷினில் கப்பி விகிதத்தை ஒட்டுங்கள். ஒரு டப்பா பெயின்ட்டும் அரை நாள் வேலையும்தான் செலவு.

உங்கள் நாளிதழிடமும் ஒன்று கேட்கிறோம். கலோரி எண்ணை அச்சிடும்போது, எத்தனை கிலோ ஆளுக்கு, எத்தனை நிமிடத்துக்கு, மொத்தமா கூடுதலா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடுங்கள். முடிந்தால் நலவாழ்வுப் பக்கத்தில் கால் பக்க அளவில் வெற்று அட்டவணை ஒன்றைப் போடுங்கள்: தேதி, தொடக்க நேரம், பயிற்சி, ராடு எடை, மொத்த எடை, ரெப்ஸ், ஓய்வு, மிச்சம் இருந்த ரெப்ஸ், சராசரி நாடி. வெட்டி எடுத்து ஜிம் பையில் வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உடற்பயிற்சிப் பயிற்சியாளர்கள் இருவர்,
கோயம்புத்தூர்